பாவடித் தெருவில் நாங்கள் அடித்த முளைகள்

ஓவர்சியர் உத்தியோகம் என்றால், முடிவு செய்வது ஒருவர், பள்ளம் வெட்டுவது இன்னொருவர், திட்டு வாங்குவது நாம் என்று அர்த்தம். ஆபீசுக்கும் ஜனங்களுக்கும் நடுவில் நின்று பிழைப்பு நடத்திய கண்டக்டர், தபால்காரர், ரேஷன் கடைக்காரர் எல்லாரும் என் பங்காளிகள். அவர்களுக்கு நான் ரொம்ப விளக்க வேண்டியதில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்தில் பாதாளச் சாக்கடை போடப்போகிறோம் என்று பேச்சு கிளம்பியபோது, நான் அந்த வேலையைப் பார்த்த ஆபீசில் ஓவர்சியர். உடம்பில் தெம்பு இருந்தது, சொந்தமாக ஒரு சைக்கிளும் இருந்தது. ஆகவே எல்லாத் தெருவுக்கும் என்னைத்தான் அனுப்பினார்கள்.

பீரோவுக்குள் சாக்கடை

குழாய் எந்தெந்தத் தெரு வழியாகப் போகும் என்று காட்டும் வரைபடம் எங்கள் எஞ்சினியரின் இரும்பு பீரோவில் இருந்தது. "வேலை ஆரம்பிக்கிற வரைக்கும் ஒரு ஈ காக்கைக்குத் தெரியக்கூடாது" என்பது அவர் உத்தரவு. அவர் கெட்டவர் இல்லை. வெளியே தெரிந்தால் ஆளாளுக்கு ஒரு பெரிய மனிதரைப் பிடித்துக்கொண்டு, 'எங்கள் தெருவில் வேண்டாம், அடுத்த தெருவில் போடு' என்று வந்து நிற்பார்கள் என்று பயந்தார். அந்தப் பயத்தில் கொஞ்சம் நியாயமும் இருந்தது.

ஆனால் ஊருக்குள் சைக்கிளில் போகிறவன் நானல்லவா? காய்கறி வாங்கப் போனால் கேட்பார்கள். கோயிலில் சாமி கும்பிட்டுக் கண்ணைத் திறந்தால் எதிரில் நின்று கேட்பார்கள். முடி வெட்டிக்கொள்ளக் குனிந்தால், கத்தரிக்கோலை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். எல்லாருக்கும் "மேலே முடிவாகணும்" என்று ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. ஒருநாள் ஆபீசுக்கு எதிரில் டீக்கடை வைத்திருந்தவர் கிளாசை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னார்:

"சாக்கட தான சார் போவப்போவுது? என்னமோ பொண்ணு பாக்கக் கெளம்பினவங்க மாதிரி மறைச்சிக்கினு இருக்கீங்களே!"

மேடு பள்ளம்

அளவு எடுக்கப் போன முதல் நெசவாளர் தெரு பாவடித் தெரு. என்னோடு லஸ்கர் முனுசாமி வந்தார். சங்கிலி பிடிப்பது, கொடி நடுவது, முளை அடிப்பது எல்லாம் அவர் வேலை. நல்ல சவுக்கு முளைகளாகச் சீவிக்கொண்டு வந்து தெரு நடுவில் வரிசையாக அடித்துக்கொண்டே போனார். வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் நின்று தலைகள் எட்டிப் பார்த்தன.

முதலில் வந்து கேட்டவர் பட்டம்மா. நாற்பது வயதிருக்கும். அந்தத் தெருவில் தறி இல்லாத வீடு அவருடையது. அவரும் வீட்டுக்காரரும் கொழுந்தன்மாரும் தெருவுக்கெல்லாம் பாவு நீட்டிக் கொடுப்பவர்கள். புடவைக்கு நீளவாட்டில் ஓடும் இழைகள்தான் பாவு. விடியற்காலையில் அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, அறுந்த இழையை முடிந்து, காய்ந்ததும் சுருட்டித் தறிக்காரரிடம் கொடுப்பார்கள். மற்றவர்களுக்கு வேலை செய்யும் இடம் வீட்டுக்குள். பட்டம்மாவுக்கு அது தெரு.

"என்னா சார் இது?" என்று கேட்டார். உத்தரவு நினைவுக்கு வந்தது. "மேடு பள்ளம் பாக்கறோம்மா" என்றேன். அவர் நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. தெருக்கோடிக்குப் போனால் அங்கே இரண்டு பேர், புது மின்சாரக் கம்பம் எப்போது வரும் என்று என்னைக் கேட்கிறார்கள். முனுசாமி என்னைத் தனியாக இழுத்துப் போய்ச் சொன்னார்:

"பொய் சொல்றதுன்னா ரெண்டு பேரும் கலந்து பேசிக்கினு ஒரே பொய்யா சொல்லலாம் சார். நான் கரெண்டு கம்பம்னு சொல்லிக்கினு வரேன், நீங்க மேடு பள்ளம்ன்றீங்க!"

முளைகள் நடந்தன

கொஞ்ச நாள் கழித்து எஞ்சினியர் தாமே சரிபார்க்க வந்தார். மூன்று கால் ஸ்டாண்டை நிறுத்தி, லெவல் கருவியில் கண்ணை வைத்தவர் எடுக்கவே இல்லை. பிறகு எடுத்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். நடுத்தெருவில் நேராக நான் விட்டுவந்த முளை வரிசை, கிழக்குச் சுவரை ஒட்டிப் போய், வேப்பமரத்தடியில் முடிந்திருந்தது. அந்த வழியில் குழாய் போட்டால் சாக்கடை மரத்தைத்தான் போய்ச் சேரும். "என்னய்யா அளந்தீர்?" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

விஷயம் இதுதான். பாவை இழுத்துக் கட்ட முளை வேண்டும். நடுநடுவே அதைத் தாங்கும் குச்சிகளைக் கட்டவும் முளை வேண்டும். தெருக்காரர்கள் கருங்காலிக் கட்டையும் பழைய கடப்பாரையும் வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று ஆபீஸ்காரர்கள் வந்து, காரணம் ஒன்றும் சொல்லாமல், வாட்டமான சவுக்கு முளைகளை வரிசையாக அடித்துவிட்டுப் போனால் அவர்கள் என்னவென்று நினைப்பார்கள்? பாவு போடுகிறவர்களுக்கு சர்க்கார் செய்த உபகாரம் என்று நினைத்துவிட்டார்கள். தெருவில் மூத்த தறிக்காரர் பொன்னுரங்கம் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். எஞ்சினியரின் கோபம் அவருக்குச் சுத்தமாக விளங்கவில்லை.

"மொளைங்க நல்லா இருந்துச்சி சார், எடந்தான் சரியில்ல. அதான் பாவுக்குத் தக்கன மாத்தி அடிச்சிக்கினோம். ஒரு நாளு ஆபீசுக்கு மாலையோட வரலாம்னுகூட பேசிக்கினு இருந்தோம்."

புரியாத படம்

அந்த மாலை வரவில்லை. "அது சாக்கடைக் குழாய்க்கு அடிச்ச முளைய்யா!" என்று கோபத்தில் எஞ்சினியர் வாயிலிருந்தே ரகசியம் விழுந்துவிட்டது. மறுநாள் காலை ஆபீஸ் திறக்கும் முன்பே பாவடித் தெரு முழுக்க வாசலில் நின்றது. பட்டம்மா முன்னால் நின்றார்.

அவர்களுக்குச் சாக்கடை வேண்டாம் என்பதில்லை. தெருவோரச் சாக்கடையின் நாற்றம் அவர்களுக்குத் தெரியாததா? எப்போது வெட்டுவீர்கள், எத்தனை மாதம் திறந்து கிடக்கும், எந்தப் பக்கம் வெட்டுவீர்கள் என்றுதான் கேட்டார்கள். தெருவை வெட்டிப்போட்டால் பாவு நீட்ட முடியாது. பாவு இல்லையென்றால் தறி நிற்கும். முகூர்த்த மாதங்களுக்குச் சொல்லிவைத்த புடவைகள் நிற்கும். தறிக்காரர்களாவது ஏற்கெனவே தறியில் ஏறியிருக்கும் பாவை வைத்துக் கொஞ்ச நாள் ஓட்டலாம். பட்டம்மா வீட்டில் பள்ளம் வெட்டிய அன்றைக்கே அடுப்பு அணைந்துவிடும். அவர் அதைச் சொன்னபோது குரல் உடைந்தது. வரைபடத்தைக் காட்டுங்கள் என்று கேட்டார்கள். எஞ்சினியர், "அதெல்லாம் டெக்னிக்கல் விஷயம்மா, உங்களுக்குப் புரியாது" என்றார். பட்டம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"புரியாதுன்னா எதுக்கு சார் மறைக்கிறீங்க? புரியாதத தாராளமா காட்டலாமே!"

முசரவாக்கத்திலிருந்து ஒருவர்

இந்த அமளிக்கு நடுவில், பக்கத்துக் கிராமமான முசரவாக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். ஊர்க் கழிவெல்லாம் கடைசியில் எங்கே போய் விழும் என்று கேட்டார். இவரும் எதிர்க்க வந்திருக்கிறார் என்று நினைத்து, "உங்க பக்கம் வராதுங்க, பயப்படாதீங்க" என்று முந்திக்கொண்டேன். அவர் முகம் வாடிவிட்டது. அப்புறம்தான் புரிந்தது: அவர் அதை வயலுக்குப் பாய்ச்சக் கேட்டு வந்தவர். ஊரில் ஒருவர்கூட வேண்டும் என்று கேட்காத சரக்கைக் கேட்டு வந்த மனுஷருக்கும் நான் "மேலே முடிவாகணும்" என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியவர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"நெல்லு நாங்க அனுப்பறோம், கத்திரிக்கா நாங்க அனுப்பறோம். அது திரும்பி எங்க வயலுக்கு வருமான்னு கேட்டா அதுவும் ரகசியமாப்பா?"

குழாய் லாரி நின்ற இடம்

எஞ்சினியர் விட்டுக்கொடுக்கவில்லை. பாவடித் தெருவில் குழாய்களை இறக்கச் சொல்லி லாரியை அனுப்பினார். நானும் ஏறிக்கொண்டேன். தெருமுனையில் லாரி நின்றுவிட்டது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பாவு. வழக்கமாக வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிடுவார்கள். அன்றைக்கு ஒன்றைச் சுருட்டியதும் அடுத்ததை நீட்டினார்கள். கஞ்சி தடவிய பாவை நடுவில் அசைக்க முடியாது. இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அந்த ஊரில் யாரும் பாவைத் தாண்டவும் மாட்டார்கள். சைக்கிளில் வருகிறவர் இறங்கித் தள்ளிக்கொண்டு சுவரோரமாகப் போவார். மாட்டு வண்டிக்காரர் சுற்றிக்கொண்டு போவார். யாரும் கோஷம் போடவில்லை, கல்லெறியவில்லை. அவரவர் வேலையை அவரவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னால் யாரைத் திட்ட முடியும்? "ஓரமா விட்டு ஓட்டுப்பா" என்று டிரைவரிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் இஞ்சினையே அணைத்துவிட்டார்.

"கல்யாணப் பொடவ சார் அது! அதும்மேல டயர ஏத்திட்டு வூட்டுக்குப் போனேன்னா, எம் பொண்டாட்டி சோறு போடுவான்றீங்க?"

நாலு கல்லும் ஒரு படமும்

இப்படியே சில நாள் போயிற்று. கடைசியில் எஞ்சினியர் ஜீப்பில் வந்தார். அவரும் தெருமுனையில் நின்றார். பட்டம்மா கஞ்சி தோய்ந்த கையோடு வந்து, "படத்தக் காட்டுங்க சார், பாவ எடுத்துடறோம்" என்றார். எஞ்சினியர் பாவைப் பார்த்தார், பட்டம்மாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து, "போய் எடுத்துட்டு வாய்யா" என்றார். நான் பறந்தேன்.

வரைபடத்தைத் தெருவில் விரித்து நாலு மூலைக்கும் கல் வைத்தோம். எஞ்சினியர் குந்தி உட்கார்ந்து, விரலை வைத்து ஒவ்வொரு தெருவாகச் சொன்னார். இது தை முடிந்ததும், இது சித்திரையில், உங்கள் தெரு வைகாசிக்குப் பிறகு என்றார். பட்டம்மா கேட்டது ஒன்றுதான்: "எங்க தெருவ வெட்டறப்ப அடுத்த தெரு மூடியிருக்குமா?" மூடியிருக்கும் என்று அவர் உறுதி சொன்னார். "அது போதும் சார். அங்க போயி நீட்டிக்கிறோம். இப்பவே சொல்லிவச்சாத்தான எடம் குடுப்பாங்க" என்றார். அவ்வளவுதான். இதற்கா ஒரு பீரோ, இதற்கா ஒரு உத்தரவு என்று எனக்கு வயிறெரிந்தது. அதே சமயம் மனசு நிறைந்தும் போயிற்று. எஞ்சினியரும் அன்றைக்கு யாரோ கொடுத்த மோரை வாங்கிக் குடித்தார். எல்லாரும் கலையும்போது பொன்னுரங்கம் மட்டும் படத்தின் மேலேயே குனிந்து நின்றார். ஆள் இறங்கும் குழிகளைக் குறித்த வட்டங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு குழி தன் வாசலில் வரக்கூடாது என்று அன்றைக்கு ஆபீசில் எல்லாரையும்விட அதிகமாகச் சத்தம் போட்டவர் அவர்.

"எல்லார் வூட்டாண்டயும் ஒரு வட்டம் போட்டுக்கீறீங்க, எங்க வூட்டாண்ட ஒண்ணுமே இல்லியே சார்? நாங்க மட்டும் என்னா தப்பு பண்ணோம்?"

காய்கிற வரைக்கும்

சொன்னபடியே நடந்தது என்று எழுதினால் நம்பமாட்டீர்கள். ஆபீஸ் வேலையாயிற்றே, கொஞ்சம் பிந்தித்தான் நடந்தது. ஆனால் பிந்தும் என்பதை முன்கூட்டியே போய்ச் சொன்னோம். பாவடித் தெரு வெட்டப்பட்டுக் கிடந்த மாதங்களில் பட்டம்மா அடுத்த தெருவில் பாவு நீட்டினார். அவர் வேலைச் சுத்தத்தைப் பார்த்து அந்தத் தெருக்காரர்களும் தங்கள் பாவை அவரிடமே கொடுக்க ஆரம்பித்தார்கள். அந்த வீட்டு அடுப்பு ஒரு நாளும் அணையவில்லை.

பள்ளம் மூடி மண் இறுகியதா என்று பார்க்க ஒரு காலையில் போனேன். பழைய இடத்தில் முதல் பாவு ஏறியிருந்தது. நான் சுவருக்கும் பாவுக்கும் நடுவில் வசமாக மாட்டிக்கொண்டு நின்றேன். எதிர்ப்பக்கத்தில் பட்டம்மா கஞ்சி தடவிக்கொண்டே வந்தவர், என்னைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தார்.

"இன்னும் என்னென்னா மறைச்சி வச்சிக்கினு இருக்கீங்களோ, இப்பவே சொல்லிடுங்க சார். இது காயற வரைக்கும் நீங்க எங்கயும் போவ முடியாது!"

உத்தியோகம் முழுக்க அலைந்து நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: குழாயை மூடி மறைக்கத்தான் அத்தனை மண் இருக்கிறதே, அதற்கு முன்னால் நாங்கள் வேறு மெனக்கெட வேண்டியதில்லை.