அஞ்சலைக்குப் போகாத மாலை

நான் திட்டித் திட்டித்தான் அஞ்சலைக்கு நோய் முற்றியது என்று ஜங்ஷன் ரோடு முழுக்கப் பேசுகிறார்களாம். தவறு. திட்டியது உண்மை. மற்றது பொய்.

அஞ்சலை செவ்வாய்க்கிழமை காலை இறந்துபோனாள். மாரடைப்பு. மனநோயால் சாகவில்லை, அதையும் திருத்திக்கொள்ளுங்கள்.

இந்தப் பதிவைப் படிப்பவர்களில் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பீங்கான் கம்பெனியில் அவள் கோப்பைகளைக் கிளேஸில், அதாவது பளபளப்புப் பூச்சில், முக்கும் பிரிவில் இருந்தாள். நான் செக்கிங் சூப்பர்வைசர். சூளையிலிருந்து வரும் கோப்பைகளைத் தட்டிப் பார்த்து, சரியில்லாததைத் திருப்பி அனுப்புவது என் வேலை. "கான்வென்ட் படிப்பு, அதான் அவ்ளோ திமிரு" என்று என் காதுபடவே சொல்வார்கள். சொல்லட்டும்.

அஞ்சலைக்கு மனச்சோர்வு நோய். ஆஸ்பத்திரியிலிருந்து வேலைக்குத் திரும்பியபோது, எல்லோரும் அவளிடம் கைக்குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசினார்கள். தனி ஸ்டூல். தனி மூலை. "நீ சும்மா உக்காரு அஞ்சல, நாங்க பாத்துக்குறோம்."

எத்தனை நாள் ஒருத்தி சும்மா உட்காருவாள்? கோப்பைகளை அவள் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். முக்கினாள். சூளையிலிருந்து வந்தபோது பார்த்தால், கைப்பிடிக்குள் கிளேஸ் ஏறவே இல்லை.

"கண்ண வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டியா? இதுல யாரு டீ குடிப்பாங்க?" என்றேன்.

எல்லோரும் என்னைக் கொலைகாரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அஞ்சலை சிரித்தாள். "அப்பாடா... மேடம் என்னயும் திட்டிட்டாங்க. இனிமே நானும் எல்லாரு மாதிரிதான்."

பிறகு ஒருமுறை கடலூரில் டாக்டரைப் பார்க்க அவளுடன் பஸ்ஸில் போனேன். அந்த டாக்டர் பொறுமையாக விளக்கினார்.

"யாராவது ஒதுக்கினா எல்லாருக்குமே மூளையில வலிக்கும்மா. நமக்கு அந்த வலிய ஆத்துற மருந்து மூளையிலயே ஊறும். இவங்களுக்கு அது சரியா ஊறல. அதனால வலி ரொம்ப நாள் நிக்கும். நல்லா பேசி சேத்துக்கிட்டா சந்தோஷம் வருது, ஆனா சீக்கிரமே கரைஞ்சிடுது. அதனால ஒரு தடவ நல்லா பேசுனா போதாது. தினமும் வேணும்."

அஞ்சலை இடையில் புகுந்தாள். "எம் மூள எங்க மாமியா மாதிரி டாக்டரு. நல்லது பண்ணுனா மறந்துடும். மொறச்சத மட்டும் வச்சிக்கிட்டே இருக்கும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நானும்தான்.

இப்போது வருகிறேன்... என்னோடு வேலை பார்த்த நீங்கள் செய்ததற்கு.

வேலையை விட்டு வந்த பெண்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறோம். வசந்தாதான் அட்மின். போன வருடம் அஞ்சலைக்கு மறுபடி முடியாமல் போனபோது அவளைக் குரூப்பிலிருந்து எடுத்துவிட்டீர்கள்.

அஞ்சலை போனைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். "இங்கிலீஷ்ல என்னமோ போட்ருக்குது மேடம். எழுதுனா போவ மாட்டேங்குது."

படித்தேன். குரூப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று உள்ளதைச் சொன்னேன். "கை தவறிப் பட்டிருக்கும்" என்றாள். அதற்குப் பிறகு எப்போது வந்தாலும், செருப்பைக் கழற்றும்போதே, "சேத்துட்டாங்களா மேடம்?"

வசந்தாவுக்குப் போன் செய்தேன். "நல்லதுக்குத்தான் மேடம் செஞ்சோம். அவங்க ரெஸ்ட் எடுக்கட்டும். குட்மார்னிங் மெசேஜ் பாத்து எதுக்கு டென்ஷன் ஆவணும்?"

"அவளக் கேட்டியா?"

"கேட்டா வருத்தப்படுவாங்களேன்னுதான்..."

இதற்கு நான் என்ன சொல்வது? கேட்டால் வருத்தப்படுவாளாம். கேட்காமல் எடுத்தால் மாட்டாளாம்.

இந்த 'நல்லதுக்குத்தான்' எனக்குப் பழக்கம். என் கணவர் இறந்த பிறகு, கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்துவிட்டு, "நீங்க சிரமப்பட்டு வர வேணாம் மேடம்" என்றவர்கள் நீங்கள். நான் வந்தேன். முதல் வரிசையில் உட்கார்ந்தேன். ஆனால் எனக்கு அந்த வலி வீடு திரும்புவதற்குள் ஆறிவிடும். அவளுக்கு ஆறாது என்று டாக்டர் சொன்னதை உங்கள் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். ஒருமுறை அல்ல.

நமக்குள் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டில் சாவு என்றாலும் சேர்ந்து போய், எல்லோர் பெயரிலும் ஒரே மாலை போடுவோம். கம்பெனி வாசலையே மிதிக்காத வசந்தாவின் மாமியாருக்குக்கூடப் போட்டோம்.

புதன்கிழமை அஞ்சலையை எடுக்கும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றிரண்டு பேர் தனித்தனியாக வந்து போனார்கள். மாலை வரவில்லை. அங்கிருந்தே வசந்தாவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அவங்க இப்போ குரூப்ல இல்லையே மேடம்..."

நான் போனை வைத்துவிட்டேன். பேசியிருந்தால் துக்க வீடு என்றுகூடப் பார்த்திருக்க மாட்டேன்.

அஞ்சலை, போய் வா. அங்கேயும் முக்கச் சொன்னால், கைப்பிடிக்குள்ளும் பார்த்து முக்கு.

வசந்தா, அஞ்சலையின் தம்பி வீட்டில் பதினாறாம் நாள் காரியம். அவள் படத்துக்கு நம் எல்லோர் பெயரிலும் மாலை வருமா, வராதா? போன் வேண்டாம். வாய்ஸ் மெசேஜும் வேண்டாம். இந்தப் பதிவின் கீழே எழுத்தில் பதில் போடவும்.