மாமாவைப் பிடித்த ஆட்டம்

எங்கள் பக்கத்தில் கபடி என்றால் சரக்கு. முன்னால் கொஞ்சம் போட்டுக்கொண்டால் அடி வலிக்காது என்பார்கள். ஜெயித்தால் கோப்பையோடு பாட்டில் பெட்டியும் யாராவது பெரிய மனுஷன் கொடுப்பான். இதை விளையாட்டு என்று சொல்ல எனக்கு வாய் வராது. என் அக்கா குடித்தனத்தைக் கெடுத்தது இந்தப் பெட்டிதான்.

அக்கா புருஷனுக்கு விஜயபுரம் பக்கம் ஊர். கபடியில் பாடிப் போவதில் கெட்டிக்காரர். ஆட்டம் முடிந்து குடித்துவிட்டு வந்தால் வீட்டில் ஒரு பாத்திரம் மிஞ்சாது, தெருவே கூடும். போன ஆடியில் அக்கா நகரியில் எங்கள் வீட்டுக்கே வந்து, நைனாவோடு தறி வேலையில் உட்கார்ந்துவிட்டாள். குடியை விட்டுவிட்டேன், வந்துவிடு என்று அவர் ஆள்மேல் ஆள் அனுப்பினார். எவன் நம்புவான்?

சங்கராந்திக்கு நான் ஆடும் எங்கள் ஊர் டீமுக்கும் அவர் டீமுக்கும் மேட்ச். கிளம்பும்போது அக்கா கூப்பிட்டாள்.

"அந்தாளப் புடிக்க சொல்லோ மோந்து பாரு. வாய மூடிக்கினு பாட முடியாது இல்ல."

மாமா பாடிக்கொண்டு என் பக்கமே வந்தார். இடுப்பைப் பிடித்துச் சாய்த்தேன். அவர் வாய் என் மூக்குக்கு நேராக இருந்தது. விழுந்தும் பாட்டை விடவில்லை. வெங்காய நாற்றம் மட்டும்தான். நம்பாமல் இன்னொரு தரம் மோந்தேன். அதற்குள் என் கை தளர்ந்துவிட்டது. அவர் உருண்டுபோய்க் கோட்டைத் தொட்டுவிட்டார்.

"மாமனுக்குப் பாயிண்டு மொய் வெச்சியாடா?" என்றான் எங்கள் கேப்டன். தோற்றோம்.

ஜெயித்தவர்கள் பெட்டியை உடைத்தார்கள். ஒருத்தன் மாமாவிடம் கிளாஸை நீட்டினான். அவர் வாங்கவில்லை.

"இன்னாபா, மாலை போட்டுக்கினியா?" என்று சிரித்தான்.

மாமா பைக் சாவியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"மச்சான், கட்டிப் புடிச்சிக்கினு மோந்தியே, உங்கக்கா சொன்னாளா?"

"ஆமா."

"இன்னா சொல்லப் போற?"

"மத்த நாளு எனக்குத் தெரியாது. இன்னிக்கு குடிக்கலன்னு சொல்வேன்."

அங்கேயே போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துச் சொன்னேன். அக்கா சொன்னது மாமாவுக்கும் கேட்டது.

"துன்றதுக்கு இட்டுக்கினு வா. நான் போறதப் பத்தி அப்புறம் பாக்கலாம். போனா, இனிமே ஒவ்வொரு மேட்சுக்கும் நானும் வருவேன். அதயும் சொல்லிடு."

"வரட்டும். முன்னாடியே உக்காரட்டும்" என்றார் மாமா.

எங்கள் டீம் பின்னால் நின்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தது. ஒன்றும் உறைக்கவில்லை. மாமா பைக்கில் ஏறிக்கொண்டேன்.