அரவ தேசம்

என் பேத்திக்கு இந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் பிரேசில் கிடைத்திருக்கிறது. ஆளுக்கொரு நாடு. படித்து, அட்டையில் ஒட்டி, வகுப்பில் நின்று பேச வேண்டும். அவள் அப்பா பிரேசிலைக் கடையில் செய்யச் சொல்லி வாங்கி வந்துவிட்டார். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். ஆனால் போலாரத்தில் ஒரு பேட்டரிக் கடை போட்டு, அதை மூன்றாக்கி, டிகிரி வாங்கினவர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறேன். யார் தயவும் இல்லாமல் வந்தவன். ஆளுக்கொரு நாடு கொடுக்கிற இந்த விளையாட்டையும் நான் அந்தக் காலத்திலேயே பார்த்தாயிற்று.

அப்பா ரயில்வேயில் ஃபிட்டர். அரக்கோணத்திலிருந்து தெலுங்குச் சீமைக்கு வந்து மெட்டுகுடா குவார்ட்டர்ஸில் இருந்தோம். அம்மாவுக்குத் தெலுங்கு தட்டுத் தடுமாறித்தான் வரும். குழாயடியில் அவள் பேசுவதை மற்ற பெண்கள் அவள் எதிரிலேயே பேசிக் காட்டிச் சிரிப்பார்கள். தெலுங்குக்காரர்கள் தமிழை அரவம் என்பார்கள். அதனால் அவள் அரவம்மா. பள்ளியில் நான் அரவோடு, அதாவது அரவக்காரன். என் பெயரை வாத்தியார்கள் மட்டும்தான் சொன்னார்கள்.

ஏழாம் வகுப்புக்குப் புதிதாக ஒரு சோஷியல் மிஸ் வந்தார். நோட்ஸ் எழுதிப் போடுவதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. ஒரு நாள் வரிசையாக நாடுகளைச் சொல்லிக்கொண்டே போனார். ஜப்பான், எகிப்து, ரஷ்யா. என்னிடம் வந்ததும் "அரபு" என்றார். வகுப்பு முழுவதும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது. எனக்கு அது அரவு என்றுதான் காதில் விழுந்தது. அவர்கள் சிரித்ததால் சந்தேகமும் போய்விட்டது. லைப்ரரியில் புத்தகம் எடுத்துப் படிக்கச் சொன்னார், வீட்டிலிருந்து யாரையாவது அழைத்து வந்தாலும் சரி என்றார். நம்மைப் பற்றி நாமே படிப்பானேன் என்று நான் லைப்ரரிப் பக்கமே போகவில்லை.

அந்த வருஷம் சோஷியலில் தேறினால்தான் எட்டாவது. தேறாவிட்டால் மாமாவின் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்ட வேண்டும் என்று அப்பா முடிவாகச் சொல்லியிருந்தார். பரீட்சையில் நான் வாங்குவது எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும். இந்த நாட்டு வேலைக்குப் போடுகிற மார்க்கை வைத்துத்தான் கரையேற வேண்டும்.

வீட்டில் சொன்னதும் அம்மா அடுப்பைவிட்டு எழுந்து வந்தாள்.

"நம்பளயாடா? நம்ப இன்னா வெளிநாடா?"

குழாயடியில் போய்க் கேள், தெரியும் என்றார் அப்பா, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே. அம்மா அவரைக் கவனிக்கவில்லை. யார் கேட்டது, எதையெல்லாம் கொண்டுவரச் சொன்னார்கள், என்ன கேட்பார்கள் என்று என்னைக் குடைந்தாள். மறுநாள் பக்கத்து வீட்டு பேகத்திடமும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். வந்ததும், மிஸ் சொன்ன பெயரை மறுபடி ஒரு தரம் என்னைச் சொல்லச் சொன்னாள். பிறகு பரணிலிருந்து இடியாப்ப அச்சை இறக்கிப் புளி போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள்.

அன்றைக்கு வகுப்பில் ஜப்பானுக்கு ஒரு காகித விசிறி, எகிப்துக்கு அட்டையில் ஒரு கோபுரம். என் இடத்தில் அம்மா கல்யாணப் புடவையில் நின்றாள். தரையில் கோலம், பக்கத்தில் அச்சு, தூக்கில் கேழ்வரகுக் களி. பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "ஒண்டே ஏதிரா?" என்றான். ஒட்டகம் எங்கேடா என்கிறான். எதற்கு ஒட்டகத்தைக் கேட்கிறான் என்று எனக்கு விளங்கவில்லை. மிஸ் என்னைப் பார்த்தார், கோலத்தைப் பார்த்தார், கையால் வாயை மூடிக்கொண்டார். சைக்கிள் கடை என் கண்ணுக்குத் தெரிந்தது.

ஆனால் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார். இந்தப் புள்ளியை எப்படி வைக்கிறீர்கள், உங்கள் ஊரில் மழை எப்போது, தாலாட்டு உண்டா என்று கேட்டுக்கொண்டே போனார். அம்மா தன் ஓட்டைத் தெலுங்கில் பதில் சொன்னாள். யாரும் பேசிக் காட்டவில்லை. களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்று அவள் செய்து காட்ட, ஒட்டகம் கேட்டவனே முதலில் கை நீட்டி, தொண்டையில் சிக்கித் திணறினான். அம்மா அவன் தலையில் தட்டிவிட்டாள். மணி அடித்தும் மிஸ் எழுந்திருக்கவில்லை.

அங்கேயே மார்க்கும் போட்டார். ஒட்டகம் இல்லாததற்குப் பாதி மார்க் போயிற்று. மீதிப் பாதி எனக்குப் போதுமானதாக இருந்தது.

திரும்பும்போது, பையன்கள் ஏன் ஒட்டகம் ஒட்டகம் என்றார்கள் என்று அம்மாவைக் கேட்டேன்.

"உனக்குக் குடுத்தது அரபு தேசம்டா. துபாய்ப் பக்கம். பேகம் அப்பவே சொல்லிட்டா."

எனக்கு நடை நின்றுவிட்டது. தெரிந்துமா வந்தாய், ஃபெயிலாகியிருந்தால் என்ன ஆவது என்று நடுரோட்டில் கத்தினேன். அவள் தூக்கை இடக்கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஒட்டகத்தைப் பத்தின்னா என்னை எவன்டா கூப்பிட்டுக் கேக்கப் போறான்?"

அது ஒரு பதிலா என்று எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவளை விட்டுவிட்டு முன்னால் நடந்தேன். அவள் பின்னால், மிஸ் கேட்டதையும் தான் சொன்னதையும் மாற்றி மாற்றித் தெலுங்கில் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். பாஸானது நான். இவள் எதற்கு இப்படிச் சிரித்துக்கொண்டு வருகிறாள் என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, இன்னும் வேகமாக நடந்தேன்.