இடுப்பு எது என்று சண்டை போட்டவர்

செவிலியர் மரகதம் இறந்துவிட்டார் என்று செய்தி வந்தபோது, மைதானத்தில் ஆறாம் வகுப்பை ஓடவிட்டுக்கொண்டிருந்தேன். நான்கு நாள் காய்ச்சல், கோவையில் மருத்துவமனை, அவ்வளவுதான். எனக்கு முதலில் வந்தது எரிச்சல். எதையும் பாதியில் விட்டுவிட்டுப் போகிற ஆளா அவர்? அவரோடு முகாமுக்காகப் பள்ளி பள்ளியாக அலைந்த சக செவிலியர்களான உங்களுக்கு இது புரியும்.

கருமத்தம்பட்டிப் பக்கம் எங்கள் பள்ளிக்கு ஆண்டுதோறும் வருவார். உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம் எல்லாம் எடுத்து, எந்தப் பிள்ளைக்கு உடல் பருமன், யாருடைய இதயத்துக்குப் பிற்காலத்தில் ஆபத்து என்று பார்க்கிற வேலை. பெண் பிள்ளைகளை அவர் அளப்பார். பையன்கள், உடற்கல்வி ஆசிரியரான என் பொறுப்பு.

முதல் ஆண்டு, இரண்டு நாள் முதுகு ஒடிய அளந்து தாள்களைக் கொடுத்தேன். அவர் ஒரு பையனைக் கூப்பிட்டு மறுபடி அளந்து பார்த்தார்.

"ஏனுங்க சார், டேப்ப எங்க வெச்சீங்க?"

"இடுப்புலதானுங்க. அரைஞாண் கயிறு கட்டியிருக்கிற எடத்துல."

எல்லாப் பையன்களுக்கும் கோடு போட்டதுபோல ஒரே இடம் கிடைத்ததே என்று எனக்குப் பெருமை வேறு.

"அது டவுசர் நிக்கிற எடமுங்க. தொப்பை அதுக்கு மேல உக்காந்திருக்குது பாருங்க."

கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில் அளக்க வேண்டுமாம். எல்லாத் தாள்களையும் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டார். அத்தனை பேரையும் முதலிலிருந்து அளந்தேன். போதாததற்கு, பையன்கள் டேப்பைக் கண்டதும் வயிற்றை எக்கிக்கொள்வார்கள். "எக்காத கண்ணு, மூச்ச உடு" என்று அவர் பக்கத்தில் நின்று ஒவ்வொருவனிடமும் சொல்வார். மூச்சு விட்ட பிறகுதான் கணக்கு. மதியச் சாப்பாடு ஆறிப்போனதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை.

எடையை நான் உரக்கச் சொல்வதும் அவருக்குப் பிடிக்காது. "ஏலம் போடாதீங்க சார், புள்ளைக நாளைக்கு வராதுங்க" என்பார். அது சரிதான். ஆனால் சரியாக இருப்பவர்களோடு வேலை பார்ப்பது எவ்வளவு தொல்லை என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

போன ஆண்டு என் மகள் யாழினியை அளந்தார். அதே பள்ளியில் ஏழாம் வகுப்பு, குச்சிக் கை, குச்சிக் கால். உயரத்துக்கு ஏற்ற எடைதான். ஆனால் இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டியிருந்தது, ரத்த அழுத்தமும் வயதுக்கு அதிகம் என்றார்.

"எம் புள்ள ஒல்லிங்க. வேற ஆளப் பாருங்க" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். விளையாட்டு வாத்தியார் வீட்டுப் பிள்ளைக்கா என்று ரோஷம்.

அதற்குப் பிறகு மூன்று முறை வீட்டுக்கு வந்தார். நான் உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றபடி, "கோவிச்சுக்குங்க சார். ரத்தம் டெஸ்ட் பண்ணிப்போட்டுக் கோவிச்சுக்குங்க" என்றார். மூன்றாம் முறை என் மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு யாழினியோடு கிளம்பிவிட்டாள். சர்க்கரையும் கொழுப்பும் எல்லையில் நின்றன. மருத்துவர் சொன்னபடி பேக்கரிப் பலகாரத்தை நிறுத்தினோம், மாலையில் ஓடவைத்தோம். ஆறு மாதத்தில் எல்லாம் இறங்கிவிட்டது.

இதை மரகதத்திடம் நான் சொல்லவில்லை. அடுத்த முகாமுக்கு வருவாரே, அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

துக்கம் கேட்கப் போனபோது அவர் கணவரிடம் பள்ளியையும் என் பெயரையும் சொன்னேன். உடனே அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானுங்களா? பாப்பாவுக்கு இப்ப எப்படிங்க? சாருகிட்டக் கேட்டாக் கோவிச்சுக்குவாருன்னு எங்கிட்டயே கேட்டுட்டு இருப்பாளுங்க."

அவர் ஞாபகமாக என்னிடம் இருப்பது அந்தக் கேள்விதான். நல்லா இருக்காளுங்க, மரகதம். நான்தான் தப்பாப் பேசிப்போட்டேன்.