தூண்களுக்காக வழக்காடிய சபாபதி

வக்கீல் சபாபதி போய்விட்ட செய்தி வாலாஜாபாத் பஸ்ஸில் வந்து சேர்ந்தது. "கோர்ட்டு வாசல்ல விழுந்துட்டாருபா. வெயில் தாங்கல" என்றார் சொன்னவர். பஸ்ஸையே தூக்கிப் பாலாற்றில் வீசும் அளவுக்கு எனக்குக் கோபம் வந்தது. அழுகை அப்புறம்தான். வெயிலின் மேல் பழியைப் போடாதீர்கள், சக வக்கீல்களே!

நம் கோர்ட்டை வெள்ளைக்காரன் கிரேக்கத்துக் கோயில் மாதிரி கட்டினான். மேலே முக்கோண முகப்பு. கீழே, செங்கல்லில் எழுப்பிச் சுண்ணாம்பைப் பளிங்காய்த் தேய்த்த தூண்கள். அந்த முகப்பின் உச்சியில் உட்காரும் காக்கை, மேகத்தை விலக்கிவிட்டுத்தான் கரையும். ஏழை பார்த்ததும் நடுங்கட்டும் என்று வெள்ளைக்காரன் நினைத்திருப்பான். மாகறல் குடியானவனோ வாய்தாவுக்குக் கூப்பிடும்வரை அந்தத் தாழ்வார நிழலில் கட்டுச்சோற்றை அவிழ்த்தான்.

ஒரு கருடசேவை அன்று தெருவெல்லாம் கூட்டம். கோர்ட்டு லீவு என்று நம்பிய நெசவாளிகள், தறிக்கு ஏற்றும் பட்டு நூல்களைத் தூணுக்குத் தூண் பாவாக நீட்டிவிட்டார்கள். லீவு இல்லை! முன்சீப் வந்து நின்றார். பாவுக்குக் காவலாய் நின்ற சபாபதி அசையவில்லை.

"ஐயா, குனிஞ்சு வாங்க. கல்யாணப் பாவு. அறுந்தா எந்தத் தீர்ப்பும் ஒட்ட வைக்காது."

நீதி குனிந்தது. முதுகு பிடித்துக்கொண்டதோ என்னவோ, சீக்கிரமே தாழ்வாரத்தைச் சுவர் வைத்து அடைக்க ஏற்பாடானது. உள்ளே வக்கீல்களுக்கு மின்விசிறியோடு அறை என்றதும், நம் சங்கம் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டது. சபாபதி அந்தக் கோர்ட்டிலேயே அந்தச் சுவர்மீது வழக்குப் போட்டார்.

"இன்னா சார், ஆயிரங்கால் மண்டபம் இருக்கிற ஊர்ல நாலு தூணுக்கு அழுவுறீங்க?" என்று கேலி செய்தார் கான்ட்ராக்டர்.

"அங்க சாமி நிக்குதுபா. கேசுக்கு வந்தவன் எங்க நிப்பான், உன் தலை மேலயா?"

வழக்குத் தோற்றது. தூண்கள் கழுத்துவரை சுவருக்குள் புதைந்தன. ஜனங்கள் வெயிலுக்கு வந்தார்கள்; சபாபதியும் வந்தார். "என் கட்சிக்காரன் நிக்கிற இடந்தான் என் ஆபீசு" என்று, கடைசிவரை அந்த அறைக்குள் காலே வைக்கவில்லை. அங்கேயே விழுந்தார்.

இப்போது அவர் படத்தை அந்தச் சுவரிலேயே மாட்டப்போகிறீர்களாமே! மின்விசிறிக் காற்றில் அவரை ஆடவிட்டு மாலை போடுவீர்களோ?

படம் உங்களோடு இருக்கட்டும். அவர் கோபம் எனக்கு. அதோடு அவர் தோற்ற வழக்கும் எனக்கு. நாளைக்கே அப்பீல் போடுகிறேன். சுவர் இடியும்வரை, வாசல் வெயிலில் அவர் நின்ற இடத்தில் நான் நிற்பேன்.