சூடம் அணைத்த கை

அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருந்து, சாப்பிட்டுக் கை கழுவி, இந்த நினைவு மலரை வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். சாப்பாட்டுக்கு முன்பு இதைக் கொடுக்கக் கூடாது என்று அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். படித்துவிட்டு யாராவது இலையிலிருந்து எழுந்துவிடுவார்களோ என்று அவருக்குப் பயம். எனக்கு அந்தப் பயம் இல்லை. நம் ஆட்கள் எதற்காகவும் பாதி இலையில் எழுந்ததாக நான் பார்த்ததில்லை.

கள்ளக்குறிச்சியில் நான் தட்டச்சு, ஜெராக்ஸ் கடை வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். உங்களில் பாதிப் பேர் வீட்டுக் காரியத்துக்கு மலர் அடித்துக் கொடுத்தவள் நான்தான். இத்தனை வருடங்களில் இந்த வட்டாரத்தில் ஒரு கெட்டவர்கூடச் செத்ததில்லை. எல்லோரும் எறும்புக்கும் தீங்கு நினையாதவர்கள், சொன்ன சொல் தவறாதவர்கள், தருமத்தின் வழி நடந்தவர்கள். அதற்கென்று என் கணினியில் ஒரு கோப்பு இருக்கிறது. படத்தையும் பெயரையும் மாற்றினால் போதும். அடித்த புருஷனுக்கும் அதே கோப்புதான், அடிபட்ட பெண்டாட்டிக்கும் அதே கோப்புதான். அந்தக் கோப்பை முதன்முதலில் நான் எழுதியது எங்கள் அப்பாவின் காரியத்துக்காக. இந்தக் கட்டுரையை அந்தக் கோப்பில் எழுதவில்லை.

அம்மா வடக்கனந்தலுக்குப் பக்கத்தில் ஒரு கூலிக் குடும்பத்தில் நான்காவது பிள்ளையாகப் பிறந்தார். பள்ளிக்கூடம் போனதில்லை. சங்கராபுரத்துப் பக்கம் எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அவருக்குப் பதினேழு வயது. அப்பாவுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலமும் நிறையக் குரலும் இருந்தன. எங்கள் ஊர் அம்மன் கோயிலில் தீமிதித் திருவிழாவுக்குப் பதினெட்டு நாள் பகலில் கதை வாசிப்பார்கள். அண்ணன் தம்பிகள் ஐவரும் அவர்கள் கட்டிய ஒரு மனைவியும் பட்ட பாட்டைச் சொல்லும் அந்தக் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். வாசிப்பது அப்பா. அப்பா தருமம் சொல்லப் போன நாட்களில் அம்மா களை எடுக்கப் போனார். கரும்பு வெட்டுக் காலத்தில் வெட்டுக்குப் போனார். எங்கள் இருவரையும் வளர்த்தது அம்மாவின் கூலிதான்.

அப்பாவின் குரலைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் குரலை இன்று நினைத்தாலும் இன்னும் கொஞ்சம் கேட்கத் தோன்றுகிறது. அதுதான் எனக்கு எரிச்சல். ஐவரில் மூத்தவர் சூதில் தம்பிகளைத் தோற்று, தன்னைத் தோற்று, கடைசியில் மனைவியையும் வைத்துத் தோற்கும் இடத்தில் ஊரே அழும். உடனே அப்பா விளக்கம் சொல்லுவார். அது விதி என்பார், முன்வினை என்பார், தருமம் நுட்பமானது என்பார். வில் பழகிய வேடர் பிள்ளையிடம் கட்டைவிரலைக் கேட்டு வாங்கிய குருவுக்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். ஏழை செய்தால் திருட்டு, பெரிய மனுஷன் செய்தால் தரும நுட்பம். இந்தக் கணக்கு எனக்குப் பத்து வயதில் புரியவில்லை. புரிந்தது அடுத்த வருடம்.

அந்த வருடம் காப்புக் கட்டி மூன்றாம் நாள், அம்மனின் கண்களுக்குச் சாத்தும் வெள்ளிக் கண்மலர் நகைப் பெட்டியில் இல்லை. பெட்டியின் பொறுப்பு அப்பாவுடையது. கோயிலைக் கூட்டிப் பெருக்கி, காவலும் பார்த்துக்கொண்டு கோயில் பின்புறக் கொட்டகையில் மனைவியோடும் கைப்பிள்ளையோடும் ஒருவர் இருந்தார். கல்வராயன் மலையிலிருந்து கரும்பு வெட்ட இறங்கி வந்து எங்கள் ஊரிலேயே தங்கிவிட்டவர். அவர் பெயர் சடையன். இந்த மலரில் மற்ற எல்லோரையும் உறவுமுறை சொல்லித்தான் எழுதியிருக்கிறேன், அம்மாவையும் சேர்த்து. பெயர் வருவது இவர் ஒருவருக்குத்தான். காரணத்தோடுதான் எழுதுகிறேன்.

"பெட்டி இருந்த ரூமுக்குள்ள போனவன் அவன் ஒருத்தன்தான்" என்று அப்பா சொன்னார். மறுநாள் காலை கோயில் வாசலில் பஞ்சாயத்துக் கூடியது. சடையன் அழவில்லை, கும்பிடவும் இல்லை. "நான் எடுக்கலீங்க. சூடம் ஏத்துங்க, அணைக்கிறேன். பெட்டிக்காரரும் அணைக்கட்டும்" என்றார். எரியும் சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தால் எங்கள் ஊரில் அதற்கு மேல் பேச்சு இல்லை. சடையன் அணைத்தார். அடுத்து அப்பாவின் முறை.

அப்பா மஞ்சள் காப்புக் கட்டிய கையைத் தூக்கிக் காட்டினார். தீமிதிக்குக் காப்புக் கட்டின கை நெருப்பை அணைக்கக் கூடாது என்றார். அப்படி ஒரு விதியை அதற்கு முன்பும் நான் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. "எனக்குப் பதிலா எங்க வூட்ல அணைப்பாங்க" என்று சொல்லி, கூட்டத்தின் ஓரத்தில் நின்ற அம்மாவைக் கூப்பிட்டார். வாசகமும் அவரே சொல்லிக் கொடுத்தார். பெட்டியில் வைத்தது நிஜம், மறுநாள் பெட்டியில் இல்லாததும் நிஜம், எங்கள் வீட்டில் யாரும் திருடவில்லை. அம்மா அதைத் திருப்பிச் சொல்லி, சூடத்தின் மேல் கையை வைத்து, அணைந்த பிறகும் எடுக்காமல் அழுத்திக்கொண்டு நின்றார். அம்மாவின் கைக்கு முன்னால் சடையனின் கை எடுபடவில்லை. வெயில் ஏறுவதற்குள் அந்தக் குடும்பம் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மலைக்கு நடந்தது. ஒருவரும் தடுக்கவில்லை. நான் வேடிக்கை பார்த்தேன்.

பதினேழாம் நாள் மாலை, துவைப்பதற்காக அப்பாவின் புத்தகத்தைச் சுற்றியிருந்த மஞ்சள் துணியை அம்மா உருவினார். அதன் மடிப்புக்குள் இரண்டு வெள்ளிக் கண்கள் இருந்தன. நான் பக்கத்தில் பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

"இன்னாங்க இது?"

"கத்தாதே. பஞ்சாயத்துக்கு மொத நாளே பாத்துட்டேன். நான்தான் மறதியா துணியில முடிஞ்சு வெச்சிக்கீறேன்."

"பாத்துட்டா என்னை அணைக்கச் சொன்னீங்க?"

"நீ சொன்னதுல இன்னா பொய் கீது? பெட்டியில வெச்சது நெசம். பெட்டியில இல்லாததும் நெசம். தருமம் நுட்பமானது, உனக்கு வெளங்காது. நாளைக்கு அம்மன் காலடியில கெடைக்கும், சும்மா இரு."

கிடைத்தது. பதினெட்டாம் நாள், கதையில் போர் முடியும் படுகளத்தன்று, பூசாரி நடை திறந்தபோது அம்மன் காலடியில் கண்மலர் மின்னியது. பம்பை அடித்தார்கள், நாலு பெண்களுக்குச் சாமி வந்தது. திருடியவனை மலைக்கு விரட்டி, அம்மனே தன் கண்ணை மீட்டுக்கொண்டாள் என்று அப்பா கரகரத்த குரலில் சொன்னார். அன்றிலிருந்து அந்த அற்புதமும் நம் கோயில் கதையில் சேர்ந்துவிட்டது. வருடா வருடம் படுகளத்தன்று மைக்கில் சொல்கிறார்கள். நீங்களும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறீர்கள்.

பொய்யே சொல்லாத அந்த மூத்தவர் போர்க்களத்தில் பாதியை உரக்கச் சொல்லி, மீதியை வாய்க்குள் முனகி, ஆயுதம் கற்றுக் கொடுத்த குருவையே சாகவைத்த கதையும் அப்பா வாசித்ததுதான். அதுவரை தரையில் படாமல் நாலு விரல் மேலே ஓடிய அவர் தேர் அன்றைக்குத் தரையைத் தொட்டது என்றும் அப்பாவே வாசித்தார். கதை எதையும் மறைக்கவில்லை என்பதை நான் வெகுநாள் கழித்துத்தான் கவனித்தேன். பெரியவர் சூதாடினார், பெண்டாட்டியை வைத்தார், பொய் சொன்னார், தேர் இறங்கியது என்று அது முகத்துக்கு நேராகச் சொல்கிறது. விளக்கம் சொல்கிறவர்கள்தான் அந்தத் தேரை ஜாக்கி வைத்து மறுபடியும் தூக்கிவிடுகிறார்கள். இதைப் பக்தி என்று சொல்லிக்கொள்கிறார்கள். நாளைக்குத் தங்கள் தேரையும் யாராவது தூக்க வேண்டுமே என்ற முன்யோசனை என்று நான் சொல்வேன்.

அதற்குப் பிறகு அம்மா அந்த மூத்தவரின் பெயரை வாயால் சொன்னதில்லை. "பொண்டாட்டிய வெச்சு ஆடினவன்" என்பார். அவர் தருமத்துக்கே பிள்ளை என்று அப்பா ஒருமுறை சொன்னபோது, சோறு போட்டுக்கொண்டே, "அப்பன் பேரச் சொல்லிப் பொழச்சவன்" என்றார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது. வெளியில் மூச்சு விடவில்லை. அப்பா இருந்தவரை, முப்பது வருடத்துக்கு மேல், சூதாட்டம் வாசிக்கும் மதியங்களில் மற்ற பெண்களோடு உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா தவறியபோது நான் எழுதிய மலரில், "தருமரே மறுபடி பிறந்து வந்தாரோ என ஊரார் போற்ற வாழ்ந்தார்" என்று ஒரு வரி இருந்தது. காரியம் முடிந்த அன்று அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டார். பிறகு வலது கையை விரித்து என் முன்னால் நீட்டினார். உள்ளங்கை நடுவில் பொத்தான் அளவுக்கு வடு.

"எல்லாம் நல்லாத்தான் எழுதிக்கீறே. இந்தக் கை எங்கடி?"

அடுத்த மாதம் சடையனைத் தேடி இருவரும் கல்வராயன் மலைமேல் போகும் வெள்ளிமலை பஸ் ஏறினோம். விசாரித்து விசாரித்து ஊரைக் கண்டுபிடித்தோம். சடையன் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அன்று கைப்பிள்ளையாகப் போனவர் களத்தில் சாமையைக் காயப்போட்டுக் காலால் துழாவிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். அம்மா உட்காரவில்லை.

"உங்கப்பாரு எடுக்கலப்பா. எங்க வூட்லதான் இருந்துச்சு. நான் அணைச்சது பொய்ச் சத்தியம்."

அவர் துழாவுவதை நிறுத்தவில்லை. களத்தின் அந்தக் கோடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தார்.

"எடுக்கலன்னு எங்களுக்குத் தெரியுமேம்மா. இங்க யாரும் எங்கப்பாவத் திருடன்னு சொன்னதில்ல. சொன்னது உங்க ஊருதானுங்க. அங்க போயி சொல்லுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. வழி தவறி வந்தவர்களுக்குப் பாதை காட்டுவதுபோல் சொன்னார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள், பஸ் வரும் நேரத்தையும் சொன்னார்கள். இறங்கும் வழியெல்லாம் அம்மா கையை மூடியே வைத்திருந்தார்.

அடுத்த திருவிழாவில், படுகளத்தன்று அற்புதம் சொல்லும் இடத்தில் அம்மா எழுந்து நின்றார். "அது அம்மன் குடுக்கல. எங்க வூட்டுத் துணியில இருந்துச்சு. சடையன் எடுக்கல" என்றார். இப்போது கோயில் பொறுப்பில் இருக்கும் அண்ணன் கையைக் காட்ட, மைக் செட்டுக்காரர் பக்திப் பாட்டைப் போட்டார். ஆயாவுக்கு வயசாயிடுச்சி, வெயில் ஜாஸ்தி என்று யாரோ சோடா வாங்கி வந்தார்கள். முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் தரையைப் பார்த்தார்கள். அவர்களில் ஐந்தாறு பேர் இன்று இங்கே சாப்பிட்டிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னார்: "தன்னையே தோத்தவனுக்கு என்னை வெச்சு ஆட இன்னா பாத்தியதைன்னு அந்தம்மா சபையில கேட்டாங்க இல்ல? அங்கயும் பெரியவங்க தரையப் பாத்துக்கினுதான் இருந்தாங்க. இன்னும் ஒருத்தன் நிமிரல."

கடைசி இரண்டு மாதம் அம்மா படுக்கையில் இருந்தார். இதயம் தளர்ந்துவிட்டது என்றார்கள். ஒரு நாள் மதியம் கஞ்சி கொடுக்கும்போது, "எனக்கும் புக்கு அடிப்பே இல்ல? அதுல எழுது. பாட்டுப் போட்டு அமுக்க முடியாது" என்றார். சரி என்றேன். "என்னை நல்லவள்னு எழுதிடாதே. அத்தினி வருசம் வாய மூடிக்கினு இருந்தேன், அதையும் எழுது." எழுதிவிட்டேன் அம்மா.

'கணவருக்கேற்ற தருமபத்தினி' என்று நாலு வரி போட்டால் போதாதா என்று அண்ணன் கேட்டார். பெரியவர்கள் செய்ததில் நமக்குத் தெரியாத காரணம் இருக்கும் என்றார். காரணம் எனக்குத் தெரியும். மறதியை ஒப்புக்கொள்ள வெட்கம். அவ்வளவுதான். அந்தச் சின்ன வெட்கத்துக்கு ஒரு குடும்பத்தின் மானத்தைக் கொடுத்து, அம்மாவின் கையைச் சுட்டு, அம்மனையும் பொய்ச்சாட்சிக்கு இழுத்தார்கள். இதில் நுட்பம் எங்கே இருக்கிறது?

அம்மாவைக் குளிப்பாட்டி, திருப்பிப் படுக்க வைத்து உதவிய பக்கத்து வீட்டுச் சகோதரிகளுக்கும், கூப்பிட்ட நேரத்துக்கு வந்த ஆட்டோத் தம்பிக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், இன்றைய சமையலுக்குத் துணை நின்றவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இந்த மலரை அச்சடிக்கும் முன்பு, இதுவரை எழுதியதைப் போன வாரம் வெள்ளிமலைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சடையனின் பேத்தி உரக்கப் படித்தாள். அவள் அப்பா கேட்டுவிட்டு, "இது கீழ எல்லாருக்கும் போவுமா?" என்றார். போகும் என்றேன். அவருக்கும் நன்றி.

அம்மாவின் ஆன்மா சாந்தியடைய வேண்டுமென்று இங்கே எழுதுவது வழக்கம். நீங்கள் பிரார்த்தனை செய்ய வேண்டாம். வருகிற படுகளத்தன்று அந்த அற்புதத்தை மைக்கில் சொல்லும்போது, உங்களில் ஒருவர் எழுந்து, சடையன் எடுக்கவில்லை என்று சொன்னால் போதும். எழுந்து நிற்க முடியாதவர்கள், அந்த நேரத்தில் தரையைப் பார்க்காமலாவது இருங்கள்.

இப்படிக்கு,
மகள்