லயத்துக்கு ஒரு கடவுச்சொல்

ஃபேக்ஸ் இயந்திரத்தில் சிக்கிக்கொண்ட காகிதத்தை ஒருநாள் நான் இழுத்து எடுத்துவிட்டேன். என் போதாத காலம், அதை எங்கள் நிறுவனப் பணிப்பாளர் பார்த்துக்கொண்டு நின்றார். பதுளைக்குப் பக்கத்தில் ஓர் உயர்கல்வி நிறுவனத்தில் அப்போது நான் கணித விரிவுரையாளர். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து கொஞ்சக் காலம் போயிருந்தது. தகவல் தொழில்நுட்பத்துக்குப் பொறுப்பாக ஒருவரை நியமிக்க வேண்டும் என்று கொழும்பிலிருந்து சுற்றறிக்கை வந்ததும், அவர் வேறெங்கும் தேடவில்லை. நேரே என் மேசைக்கு வந்து, அந்த மெஷினைத் திருத்தியது மேடம்தானே என்று சிங்களத்தில் கேட்டார். அடுத்த கிழமை என் அறைக் கதவில் புதுப் பலகை தொங்கியது. அதிலிருந்த பதவிப் பெயரை நானே இரண்டு தரம் வாசித்தேன்.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். யாழ்ப்பாணத்தில் நான் படித்த காலத்தில் கணினியைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. இங்கே பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. எந்த வயர் எதற்கு என்று யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும் என்று எல்லோரும் நம்பினார்கள், அதுதான் கொடுமை. முழு நிறுவனத்துக்கும் ஒரே ஒரு தொலைபேசி இணைப்பு. அதிலேதான் இணையமும் வரவேண்டும். நான் மோடத்தைப் போட, அது கீச்சுக் கீச்சென்று கத்தி ஒருவழியாக இணைப்பு எடுத்து முடிக்க, பணிப்பாளர் தன் மேசையில் ரிசீவரைத் தூக்குவார். எல்லாம் அறுந்து போகும். பிறகு அவரே என் அறைக்கு வந்து, ஏன் மேடம் இன்றைக்கும் இன்டர்நெட் வேலை செய்யவில்லை என்று விசாரிப்பார். நல்ல மனுசன், என்னத்தைச் சொல்ல.

சனிக்கிழமைகளில் வெளிவாரி மாணவர்களுக்குக் கணினி டிப்ளோமா வகுப்பு நடத்தினோம். லுணுகலை, அப்புத்தளை, நமுனுகுல என்று நாலா பக்கத்திலிருந்தும் பஸ் ஏறி வருவார்கள், அனேகமாகத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். அதில் நமுனுகுலப் பக்கத்தில் தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் ஒட்டி வாழும் லயமொன்றிலிருந்து வந்த ஒரு பிள்ளைதான் என் கண்ணில் நின்றவள். உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழகத்தை மயிரிழையில் தவறவிட்டுவிட்டுத் தோட்டத்துப் பாலர் பள்ளியில் சின்னஞ்சிறுசுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தடுமாறும் இடங்களில்கூடக் கைப்புத்தகத்தைப் புரட்டி வழி கண்டுபிடித்துவிடுவாள். எனக்கு அவளில் கொஞ்சம் பொறாமையும் இருந்தது, நிறையப் பிரியமும் இருந்தது.

ஆளுக்கொரு மின்னஞ்சல் முகவரி எடுத்துக் கொடுத்த நாளில் நான் பெரிய பிரசங்கமே செய்தேன். கடவுச்சொல்லை யாருக்கும் சொல்லக்கூடாது, பெற்ற தாய்க்கும் சொல்லக்கூடாது என்றேன். தோட்டத்துப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குச் சுள்ளென்று வந்தது. சிரிப்புக்கு என்ன காரணம் என்று நமுனுகுலப் பிள்ளையைக் கேட்டேன். தோட்டத்தில் கடிதத்தை வாசலுக்குக் கொண்டுவந்து தருவது கிடையாதாம். எல்லாம் ஆபிசுக்கு வந்து, காலையில் ஆட்கள் வேலைக்குக் கூடும் பெரட்டில்தான் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்களாம். தன் கடிதத்தை வாங்கப் போனவர் அடுத்த வீட்டுக்காரருடையதையும் வாங்கி வருவார், வாசிக்கத் தெரிந்தவர் வாசித்துக் காட்டுவார். டவுனுக்குப் போகிறவர் லயத்தின் தபால் முழுவதையும் விசாரித்துக்கொண்டுதான் திரும்புவார். அது கடிதம், இது வேறு என்று சொல்லி நான் பாடத்துக்குத் திரும்பினேன்.

அந்த வருடக் கடைசியில் எங்கள் கணினிக் கூடத்துக்கு உதவியாளர் பதவி ஒன்று வந்தது. அரசாங்க வேலை. அந்தப் பிள்ளை விண்ணப்பித்தாள். நான்தான் போடச் சொல்லி நச்சரித்தேன், ஏனென்றால் அரசாங்க வேலைக்கான வயதெல்லையை அவள் அந்த வருடத்தோடு தாண்டிவிடுவாள். இது தப்பினால் பிறகு பாலர் பள்ளிதான், அதுவும் தோட்டம் விரும்பும்வரைக்கும். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இந்த நேரம் பார்த்துப் பணிப்பாளருக்கு ஒரு யோசனை உதித்தது. நேர்முகப் பரீட்சை அழைப்பைக் கடிதமாக அனுப்ப வேண்டாம், மின்னஞ்சலில் மட்டும் அனுப்புவோம், கணினி வேலைக்கு வருகிறவர்கள் கணினியில் பார்க்கட்டும் என்றார். தோட்டத்தில் கணினி ஏது, பதுளை டவுனுக்கு வந்தால்தான் பார்க்கலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். தொழில்நுட்பத்துக்குப் பொறுப்பான மேடமே தொழில்நுட்பத்தை நம்பாவிட்டால் யார் நம்புவது என்று சிரித்தார். அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிற மாதிரித்தான் பட்டது.

போதாக்குறைக்கு மழையில் மண் சரிந்து தொலைபேசிக் கம்பியும் போய்விட்டது. இணைப்புத் திரும்பி வந்து அழைப்புகளை அனுப்பும்போது திங்கட்கிழமை காலை. நேர்முகமோ புதன்கிழமை. பாலர் பள்ளியை விட்டுவிட்டு இடைநாளில் அவள் டவுனுக்கு எங்கே வரப்போகிறாள்? தோட்டத்து ஆபிசுக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கிருந்த கிளாக்கர், லயத்து ஆட்களுக்குச் செய்தி சொல்வதற்கு இந்தப் போன் வைக்கவில்லை என்றார். கெஞ்சினேன், அதட்டினேன், கடைசியில் யாரையாவது கண்டால் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. செவ்வாய்க்கிழமை முழுக்க நானே பஸ் ஏறிப் போகலாமா என்று யோசித்தேன். நேர்முகக் குழுவில் இருக்கிற ஆள் ஒரு விண்ணப்பதாரியைத் தேடிப் போனால் அது என்ன நியாயம் என்றும் யோசித்தேன். யோசித்தபடியே நாள் போய்விட்டது.

புதன்கிழமை காலையில் நான் வருகிறேன், அறைக்கு வெளியே போட்ட வாங்கில் முதல் ஆளாக அவள் உட்கார்ந்திருக்கிறாள். தோய்த்து மடித்த சேலை, மடியில் சான்றிதழ் உறை. எனக்கு நெஞ்சு குளிர்ந்து போனது. கிளாக்கர் சொன்னாரா என்று கேட்டேன். அவரா, அவர் எங்க மிஸ் சொன்னாரு, மெயில்தான் வந்துச்சே என்றாள். எப்படி வந்தது என்று கேட்பதற்குள் பணிப்பாளர் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்.

குழுவில் பணிப்பாளர், கொழும்பிலிருந்து வந்த ஓர் அதிகாரி, நான். அவர்கள் இருவருக்கும் தமிழ் தெரியாது. தமிழில் பதில் சொல்கிறவர்களுக்கு நான்தான் மொழிபெயர்ப்பு. கேள்விகளை எழுதிக் கொடுத்தவளும் நானே. அதிலொன்று, உங்கள் கடவுச்சொல் வேறு யாருக்குத் தெரியும் என்பது. பெயர் வரிசையில் அவளுக்கு முன் போன ஒரு பையனும் ஒரு பெண்ணும் யாருக்கும் தெரியாது என்று பாடமாக்கி வைத்த மாதிரிச் சொன்னார்கள். இவள் மற்றக் கேள்விகளுக்கெல்லாம் வெளுத்து வாங்கினாள். கொழும்பு அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டே புள்ளி போட்டார். பிறகு அந்தக் கேள்வி வந்தது.

"எங்க லயத்துல எல்லாருக்கும் தெரியும் மிஸ்" என்றாள்.

எனக்கு உச்சியில் ஏறியது. மொழிபெயர்க்கிற வேலையை மறந்து, "நான் அவ்வளவு படிச்சுப் படிச்சுச் சொன்னனான். ஏன் பிள்ளை சொன்னனீர்?" என்று கேட்டுவிட்டேன்.

"டவுனுக்குப் போறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்ல மிஸ். நான் மட்டும் பூட்டி வச்சிருந்தா, இன்னிக்கி இங்க வந்தே இருக்க மாட்டேனே."

லயத்தின் கடைசிக் காம்பரா வீட்டில் இருக்கிற மாமா சீனி வருத்தத்துக்கு மருந்தெடுக்கத் திங்கட்கிழமை பதுளை ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். வந்த இடத்தில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து இன்டர்நெட் கடையில் காசு கொடுத்து அவளுடைய மின்னஞ்சலைத் திறக்கச் சொல்லியிருக்கிறார். வகுப்புப் பக்கமே வராத மனுசன். யாரும் மறக்கக்கூடாதென்று தோட்டத்து மாரியம்மன் பெயரையே அவள் கடவுச்சொல்லாக வைத்திருந்தாளாம்.

பணிப்பாளர் என்னைப் பார்த்தார். என்ன சொல்கிறாள் என்று கேட்டார். சொன்னதை அப்படியே சொன்னால் அவளுடைய வேலை போயிற்று. மாற்றிச் சொன்னால் நான் யார்? அவள் செய்தது பிழையா சரியா என்று அந்தக் கணத்தில் யாராவது என் கழுத்தைப் பிடித்துக் கேட்டிருந்தாலும் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. பேனையைத் திறந்தேன், மூடினேன். அதற்குள் அவள் பணிப்பாளர் பக்கம் திரும்பி, நல்ல சிங்களத்தில், லயத்தில் எல்லோருக்கும் தெரியும் என்பதையும் ஏன் என்பதையும் தானே சொல்லி முடித்துவிட்டாள்.

நேர்முகம் முடிந்து நான் வெளியே வந்தபோது அவள் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ஒரு கூச்சம்.

"மிஸ்ஸு யாழ்ப்பாணத்துக்காரங்க, நம்ம பேச்சு வெளங்கலையாக்கும்னுதான் நானே சொல்லிட்டேன். தப்பா மிஸ்?"

தப்பே இல்லை என்றேன். வேறு என்ன சொல்ல?

புள்ளிகளைக் கூட்டியபோது அவளுக்கும் அந்தப் பையனுக்கும் சமமாக வந்தது. நான் அவளுக்காக வாதாடினேன், குரலும் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பணிப்பாளர் கோபப்படவில்லை. பரீட்சைப் புள்ளிகள் முழுக்க அந்தக் கணினியில்தான் இருக்கப்போகின்றன மேடம், சாவியை யாரிடம் கொடுப்பது என்று நீங்களே சொல்லுங்கள் என்றார். அவள் பொய் சொல்லவில்லையே என்றேன். அதற்குத்தான் முழுப் புள்ளி கொடுத்தோமே என்றார். அவருடைய நாற்காலியில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. வேலை பையனுக்குப் போனது.

முடிவையும் மின்னஞ்சலில்தான் அனுப்ப வேண்டும். வருந்துகிறோம் என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி தயாராக இருந்தது. மற்றவர்களுக்கு அதை அனுப்பிவிட்டு, அவளுடைய முகவரியில் வந்து கை நின்றுவிட்டது. இதை முதலில் திறக்கப்போவது அவள் இல்லை. மருந்தெடுக்க வந்த மாமாவோ, சாமான் வாங்க வந்த அக்காவோ கடையில் நின்று வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள். பிறகு பஸ் ஏறி, மலை ஏறி, லயத்துக்குள் அந்தச் செய்தியைச் சுமந்துகொண்டு போக வேண்டும். அவர்களுடைய முகங்கள் எனக்குத் தெரியாது. ஆனாலும் அவர்களை நினைத்துத்தான் எனக்குக் கண் கலங்கியது.

ஆங்கில வரியை அழித்தேன். ஆங்கில எழுத்தைப் போட்டே தமிழில் எழுதினேன். உங்கள் பிள்ளை கேட்ட கேள்விக்கெல்லாம் நன்றாகப் பதில் சொன்னா, இந்த முறை வேலை இன்னொருவருக்குப் போய்விட்டது, அதற்கு அவவில் ஒரு குறையும் இல்லை என்று. வயதெல்லை முடிகிறது, இனி அரசாங்கத்தில் எந்த வேலைக்கும் போட முடியாது என்பதை எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த கிழமை பதில் வந்தது. அவளுடைய முகவரிதான். அதுவும் ஆங்கில எழுத்தில் தமிழ். எழுதியது யாரென்று பெயர் இல்லை, ஆனால் அவள் எழுதினால் இவ்வளவு பிழை இருக்காது.

"மிஸ் கவலப்படாதீங்க. வேற வேல வந்தா இதே அட்ரசுக்குப் போடுங்க. டவுனுக்குப் போறப்பல்லாம் நாங்க பாத்துக்கிட்டேதான் இருக்கோம்."